அக்கா போட்ட என் கையெழுத்து

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் நான் கலிபோர்னியாவில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ரகம் என் கணவர். நான் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் குமாஸ்தா. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் பெயர், முகவரி, தடுப்பூசி அட்டை எல்லாம் கேட்டு வாங்கிக் கோப்பில் போடுவது என் வேலை. எட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். வாய் அலுத்துக்கொள்ளுமே தவிர, மனசுக்குப் பிடித்த வேலைதான்.

இந்த வருடத் தொடக்கத்தில், மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு பெண் ஏழு வயதுச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். தாய் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிறுமி அவள் முகத்தைப் பார்த்தது.

எனக்கு வருவது ஆபீஸ் ஸ்பானிஷ். 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்', 'அடுத்த வாரம் வாருங்கள்' அளவுக்கு ஓடும். அதை வைத்துக்கொண்டு, நீங்கள்தான் அம்மாவா என்று கேட்டேன். நான் கேட்ட லட்சணத்துக்குச் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து இல்லை என்று ஆட்டினாள். அதற்கப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் சித்தியாம். பிள்ளையின் அம்மா ஊரிலேயே தங்கிவிட்டாளாம். உண்மையைச் சொன்னால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ புண்ணியவான் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். பராமரிப்பவர் உறுதிமொழி என்று தமிழில் சொல்லலாம். இந்தப் பிள்ளை என் வீட்டில் என் பொறுப்பில் இருக்கிறது, நான் இதற்கு இன்ன உறவு என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டால் போதும். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வக்கீல் வேண்டாம். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அவள் நம்பாமல் மூன்று தடவை கேட்டாள். நானும் மூன்று தடவை சொன்னேன். அரை மணி நேரத்தில் சிறுமி வகுப்புக்குப் போய்விட்டது.

அன்று மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் தர்ஷினி. மயிலாப்பூரில் என் அக்கா வீட்டில் வளர்ந்தவள். அவளைப் பள்ளியில் சேர்க்கவும் இதே போல ஒரு பொய் சொல்லப்பட்டது. சொல்ல வைத்தவள் நான்.

2

தர்ஷினிக்கு ஐந்து வயது நடக்கும்போது என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது. முதலில் நாங்கள் இருவரும் போய் வீடு பார்த்துக் காலூன்றிக்கொள்வது, ஆறு மாதத்தில் பிள்ளையை அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. இந்த ஆறு மாதக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கச்சேரி சாலையை ஒட்டிய தெருவில் சங்கரி அக்கா வீடு. அத்தானுக்கு தி.நகரில் பாத்திரக்கடை, எங்கள் அப்பா போட்டது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் சென்னையில்தான் என்றாலும் வீட்டுக்குள் அப்பாவின் பேச்சுதான். அக்காவின் ஒரே மகன் அப்போதே கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்திருந்தான். வீடு காலியாக இருக்கிறது, பிள்ளை இருந்தால் கலகலப்பாக இருக்கும் என்று அக்காவே சொன்னாள்.

ஆறு மாதம் ஆயிற்று. கணவர் கம்பெனி மாறினார். மாறியதும் விசா தாள்கள் பரிசீலனையில் போய் உட்கார்ந்துகொண்டன. ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாமல் போகலாம் என்று பயமுறுத்தினார்கள். இதற்குள் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு வயது வந்துவிட்டது. தெருமுனை நர்சரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, பெரிய பள்ளியில் அப்படி இல்லை. அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். நான் எழுதுவது அவர்களைத் திட்டுவதற்கு அல்ல.

அக்கா விண்ணப்பம் வாங்கப் போய்விட்டு வந்து போன் செய்தாள்.

"ஏட்டி கோமு, அப்பா அம்மா ரெண்டு பேரும் நேர்ல வந்து உக்காரணுமாம். நான் பெரியம்மா, பிள்ளை என்கிட்டதான் இருக்கான்னு சொன்னேன். அப்படின்னா கோர்ட்டுல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுதாங்க."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல இருக்க பொம்பளைதான். அவளுக்கு என்ன, வரிசை நீளமா நிக்கு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டா."

அங்கேதான் நான் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். யாரிடமாவது விசாரித்திருக்கலாம். ஒரு மனு எழுதியிருக்கலாம். எனக்கு எதிலும் உடனே முடிய வேண்டும். கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே வருடக் கணக்கில் இழுக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நீயே நானாப் போய் உக்காரு. நமக்கு ஒரே முகஜாடைதானே. அத்தானைக் கூட்டிட்டுப் போ."

"கையெழுத்து?"

"ஸ்கேன் பண்ணி அனுப்புறேன். பாத்துப் பழகிக்கோ."

"பொய்யைச் சொல்லியா பிள்ளையைப் படிக்க வைக்கணும்? உள்ளதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துப் பாப்பமா? ஹெட்மிஸ்ட்ரஸ் நல்லவங்கன்னு சொல்லுதாங்க."

"எழுதிக் குடுத்து அவங்க முடியாதுன்னுட்டா வருஷம் போயிரும் அக்கா. ஒரு பேப்பர்தானே. ஆறு மாசத்துல நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் யாரு கேக்கப்போறா?"

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஆனால் எங்கள் வீட்டில் அடம் பிடித்துச் சாதிப்பது எப்போதும் நான்தான். அவள் பச்சைக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதில் என் கையெழுத்தை எழுதி எழுதிப் பழகினாள். விண்ணப்பத்தில் தாயின் புகைப்படம் ஒட்டும் கட்டத்தில் அவள் படத்தை ஒட்டி, அடியில் என் பெயரை எழுதினாள். அத்தான் என் கணவராகப் போய் உட்கார்ந்து, அமெரிக்கக் கம்பெனியில் வேலை என்று சொல்லச் சொன்னதை மறந்து, பாத்திரக்கடை என்று உளறிவிட்டு, அது அண்ணன் கடை என்று சமாளித்தாராம். இதைப் போனில் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அட, சிரித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

3

பெரியவர்கள் பொய் சொன்னால் போதாது, பிள்ளையும் சொல்ல வேண்டுமே. அந்தப் பாடத்தை நடத்தியதும் நான்தான், கம்ப்யூட்டர் திரையில். என் வாயில் சூடு போட்டால் தகும்.

"ஸ்கூல்ல உங்க அம்மா யாருன்னு கேட்டா யாரைக் காட்டணும்?"

"பெரியம்மாவை."

"பெரியம்மான்னு சொல்லக் கூடாதுடா செல்லம். ஸ்கூல்ல மட்டும் அம்மான்னு கூப்பிடணும்."

"அப்ப நீ யாரு?"

"நான் சித்தி."

பிள்ளை சிரித்தது. அவளுக்கு அது விளையாட்டு. நான் தினமும் ஒப்பிக்க வைத்தேன். சரியாகச் சொன்னால் கை தட்டினேன். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்ல வைத்தேன். பெற்ற பிள்ளை தன்னைச் சித்தி என்று கூப்பிட, அதற்குக் கை தட்டிய தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஆறு மாதம் பன்னிரண்டு வருடம் ஆனது. காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. விசா தாள் நகரவில்லை. பிறகு நானும் வேலைக்குப் போனேன், இருவரும் வெளியே போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பிறகு, நடுவில் பள்ளியை மாற்றினால் படிப்பு கெடும். பிறகு பத்தாம் வகுப்பு. பிறகு பிளஸ் டூ. இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதனால் ஒவ்வொரு வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தாள்கள் சரியான பிறகு டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் ஊருக்குப் போய் வருவேன். அப்போது அவளுக்கும் அரையாண்டு லீவு. வேறு மாதத்தில் வருகிறேன் என்றால் அக்கா தடுத்துவிடுவாள். "ஸ்கூல் இருக்கும்போது வராதட்டி. கூட வந்து யாராவது பாத்துட்டா வம்பு." ஆண்டு விழாவில் தர்ஷினி ஆடியதை நான் வாட்ஸப்பில்தான் பார்த்தேன். அறிவியல் கண்காட்சியில் அவள் பரிசு வாங்கியபோது மேடைக்குப் போனது அக்கா. அறிவித்தது என் பெயர்.

ஒரே ஒரு முறை வாய் தவறியது. எட்டாம் வகுப்பில் அவளுக்கு டெங்கு வந்தபோது பதறிப்போய் நானே இங்கிருந்து வகுப்பு ஆசிரியைக்குப் போன் செய்துவிட்டேன். தர்ஷினி அம்மா பேசுகிறேன் என்றேன். அந்த ஆசிரியை, "என்ன மேடம், குரலே மாறிக் கிடக்கு, உங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரப் பெற்றோர் கூட்டத்துக்கு அக்கா கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டே போனாள். ஏப்ரல் மாதம். மெட்ராஸ் வெயிலில் மப்ளர். வகுப்பு ஆசிரியை மிளகு கஷாயம் சொல்லிக்கொடுத்தாராம்.

தர்ஷினி எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளில் நடக்கிற காரியமா அது? சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னை நீ என்பாள். ஒரு டிசம்பரில் போனபோது, "நீங்க காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அக்காவிடம் திரும்பி, "நீ உக்காரு, நான் போடறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை மரியாதை பழகிவிட்டது என்று கணவர் போனில் பெருமைப்பட்டார்.

4

குவாத்தமாலாப் பெண் வந்துபோன மறுநாள், அடையாற்றில் வக்கீலாக இருக்கும் என் பழைய வகுப்புத் தோழிக்குப் போன் செய்தேன். எங்கள் ஊரில், அதாவது நம் ஊரில், இப்படி ஏதாவது தாள் உண்டா என்று கேட்டேன்.

"தாள் தனியா கிடையாது. ஆனா கல்வி உரிமைச் சட்டத்துலயே கார்டியன்னா யாருன்னு எழுதியிருக்கு" என்றாள். "பிள்ளை யார் பொறுப்புல, யார் பராமரிப்புல இருக்கோ அவங்கதான் கார்டியன். கோர்ட் நியமிச்சவங்களும் அதுல வருவாங்க, அவ்வளவுதான். கோர்ட் நியமிச்சாதான் கார்டியன்னு சட்டம் சொல்லல."

"அப்ப எங்க அக்கா?"

"உங்க அக்கா முதல் நாள்லேர்ந்தே கார்டியன்தான்."

"அன்னைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா?"

"தனியார் ஸ்கூல் கொஞ்சம் இழுத்தடிச்சிருக்கும். கல்வி அதிகாரிக்கு ஒரு மனு குடுத்திருக்கணும். கொஞ்சம் அலைஞ்சிருக்கணும். ஆறு வயசு ஆன பிள்ளைக்குப் படிக்கிற உரிமை அதோட உரிமைடி, அப்பா அம்மா எந்த ஊர்ல இருக்காங்கன்னு பாத்துக் குடுக்கிறதில்ல. ஆனா ஒண்ணு கோமதி, இப்ப போயி..."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கொஞ்சம் அலைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அக்கா அலையத் தயாராக இருந்தாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். சட்டம் அவள் பக்கம் இருந்தது. அவளுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் நியாயம் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டும் தெரியவில்லை, அவசரம் மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தேன். தர்ஷினி பிளஸ் டூ முடிக்கிறாள். அவளுக்கான விசாவும் ஒருவழியாகத் தயார். இந்த ஜூனில் எங்கள் பள்ளி லீவு விட்டதும் போய், அவளை அழைத்து வந்து இங்கே கல்லூரியில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில், அந்தப் பள்ளிக்கு நானே நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான்தான் தாய், இத்தனை வருடமும் வந்தவள் என் அக்கா, அவள்தான் பாதுகாவலர், சட்டமே அப்படிச் சொல்கிறது என்று. அக்காவுக்கு உரிய பெயர் அக்காவுக்குக் கிடைக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று மனப்பூர்வமாக நம்பினேன். அக்காவிடம் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

5

நான் போய் இறங்கிய வாரம் சென்னையில் அனல். தர்ஷினி என்னைவிட உயரமாக இருந்தாள். காலையில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி நான் எடுத்துப் போயிருந்த காகிதங்களைப் பொறுமையாகப் புரட்டினாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

சான்றிதழ் வாங்கப் போகிற அன்று நானும் வருகிறேன் என்றேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"நீ எதுக்கு? நான் போயி ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துருவேன். இதோட தலைமுழுகிரலாம்."

"ஒரு தடவையாவது அந்த ஸ்கூலைப் பாக்கறேன் அக்கா."

ஆட்டோவில் மூவரும் போனோம். தர்ஷினி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இன்னாமா, டி.சி.யா? உள்ள ஒரே கூட்டமா கீது. செத்த குந்துங்க, கூப்டுவாங்கோ" என்றவர் தர்ஷினியைப் பார்த்து, "ஸ்கூல வுட்டு போற, அம்மாவ நல்லா பாத்துக்கோ பாப்பா, உனக்கோசரம் எவ்ளோ அலைஞ்சிகீறாங்க" என்றார். தர்ஷினி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். என்னை அவர் யார் என்றே கேட்கவில்லை.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. எங்கள் ஆபீஸைப் போலவே இரும்பு அலமாரி, ஸ்டேப்ளர், பாதி தீர்ந்த தண்ணீர் பாட்டில். மேசைக்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பெரிய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பழைய விண்ணப்பமும் அதில் இருந்தது. அக்காவின் அந்தக் காலத்துப் படம், அடியில் என் பெயர்.

"அம்மா கையெழுத்து வேணும்" என்றாள் நிமிராமல். பிறகு நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்களே. இதுல யாரும்மா தாயார்?"

அக்காவின் கை பேனாவைப் பிடித்தபடியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. முகம் வெளுத்து, ஆனது ஆகட்டும் என்பதுபோல் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். விமானத்தில் பத்தொன்பது மணி நேரம் ஒத்திகை பார்த்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. "மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"இவங்கதான் எங்க அம்மா" என்றாள் தர்ஷினி. அக்காவின் தோளில் கை வைத்திருந்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "இவங்க சித்தி. அமெரிக்காவுல இருக்காங்க. லீவுக்கு வந்திருக்காங்க."

"அப்படியா, சந்தோஷம்" என்றாள் குமாஸ்தா. "சித்தி கொஞ்சம் வெளிய உக்காருங்க. இங்க நிக்க இடமில்ல."

நான் போகாமல் நின்றேன். தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சுகிற பார்வை அது. பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் வெளியே போய் மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அக்கா என் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

6

வீட்டுக்குத் திரும்பிய ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியது. தாங்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

"ஏன் தர்ஷி அப்படிச் சொன்ன? நான் சொல்ல வந்தேன்ல?"

"தெரியும். அதான் நான் முந்திக்கிட்டேன்."

"உண்மையத்தானே சொல்ல வந்தேன். பெரியம்மாவோட பேரு அதுல வரணும்னுதான். சட்டத்துலயே இருக்கு, அவங்கதான் கார்டியன்னு."

"சட்டத்துல இருக்கட்டும்ங்க. அந்த ரிஜிஸ்டர்ல பன்னெண்டு வருஷமா உங்க பேர்ல கையெழுத்துப் போட்டது யாரு? அதை அவங்க போலீஸ்ல குடுத்தா யாரைக் கூப்பிடுவாங்க, உங்களையா?"

அந்த இடத்தில்தான் தோழி போனில் சொல்ல வந்த மீதி வாக்கியம் எனக்குப் புரிந்தது. பாடம் நடத்தியவள் நான். பரீட்சை எழுதியவள் அக்கா. மாட்டினால் மாட்டப்போவதும் அக்காதான். அவளுக்காகத்தான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று இத்தனை மாதம் நம்பினேனே, அது வெறும் மேல்பூச்சு. அந்த அறையில் ஒரே ஒரு முறை, முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவாவது என்னை அம்மா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் விஷயம். அதற்கு அக்காவைப் பிடித்துக் கொடுக்கவும் தயாராக இருந்தேன், எனக்கே தெரியாமல்.

"விடு கண்ணு, அம்மாவை அப்படிப் பேசாத" என்றாள் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் தப்பா ஒண்ணும் பேசல பெரியம்மா" என்றாள் தர்ஷினி. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை வேர்த்திருந்தது. "எனக்கு உங்க மேல கோபம்லாம் இல்ல. ஆனா நான் அங்க வரலங்க. இங்கயே காலேஜ்ல சேந்துக்கறேன். கோச்சுக்காதீங்க."

"நான் உன்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தேன்."

"தெரியும்."

"ஒரு வருஷம் வந்து பாரேன். பிடிக்கலைன்னா..."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னதைச் சத்தமில்லாமல், ஒரு பெரிய மனுஷி சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"இன்னைக்கு நீங்க உண்மையச் சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிடுவீங்க. பெரியம்மா இங்கதான இருக்கணும்."

வீட்டில் இருந்த மிச்ச நாட்களில் அவளை வரச் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை. அவள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், என் செருப்பைத் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுக்கென்று எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன்.

ஒன்பதாம் நாள், அவள் சொன்னபடியே, நான் ஃப்ளைட் ஏறிவிட்டேன்.